அகலமும் தாமதமும்: கொல்கத்தா வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட்

தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 100 மெகாபிட் என்று சொல்லி மாதச் சந்தா வாங்கும் பிராட்பேண்ட் இணைப்பு அந்த வீட்டில் இருக்கிறது. கூடத்துத் தொலைக்காட்சியில் சினிமா தங்குதடையின்றி ஓடுகிறது. ஆனால் அதே இரவு ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையோடு முகம் பார்த்துப் பேச உட்கார்ந்தால், அவன் சொல்லும் சொற்கள் அறுந்து அறுந்து வருகின்றன. இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி, ஒரே சமயத்தில் நிறுத்தி, மறுபடியும் ஒரே சமயத்தில் தொடங்குகிறார்கள். சினிமாவுக்கு விநாடிக்கு ஐந்து மெகாபிட் அளவு தகவல் வேண்டும்; இந்தப் பேச்சுக்கோ அதில் பாதிகூட வேண்டாம். பெரிய காரியத்துக்குப் போதுமான இணைப்பு சிறிய காரியத்துக்குப் போதாமற் போவது எப்படி?

ஓர் இணைப்பின் தகுதியை நிர்ணயிக்கும் அளவுகள் இரண்டு என்பதும், சந்தா ரசீதில் அச்சாகி வருவது அவற்றுள் ஒன்று மட்டுமே என்பதும் பெரும்பாலோர் கவனத்துக்கு வருவதில்லை. ஹௌராவிலிருந்து சென்னைக்குப் புறப்படும் மெயில் வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். பத்துப் பெட்டிகளோடு புறப்பட்டாலும் இருபத்து நான்கு பெட்டிகளோடு புறப்பட்டாலும், சுமார் 1,660 கிலோமீட்டர் கடந்து அது சென்னை சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. பெட்டிகளைக் கூட்டினால் ஒரே வண்டியில் அதிகம் பேர் போகலாமே ஒழிய, அவர்களில் ஒருவரும் முன்னதாகப் போய்ச் சேர முடியாது. விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பது பெட்டிகளின் எண்ணிக்கை. அதை இணைப்பின் அகலம் என்போம். புறப்பட்ட செய்தி மறுமுனையை அடைய ஆகும் காலம் வேறொன்று. அதைத் தாமதம் என்போம். நாம் பணம் கொடுத்து வாங்குவது அகலத்தை. பேச்சில் நம்மை வருத்துவது தாமதம்.

இங்கேயே ஒரு சிறு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். பிட் என்பது ஒன்று அல்லது பூஜ்யம் என்ற தகவலின் மிகச் சிறிய அலகு. எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட். சந்தா பிட் கணக்கில் சொல்லப்படுகிறது, கணினி இறக்கிக்கொள்ளும் கோப்பு பைட் கணக்கில் காட்டப்படுகிறது. ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12 மெகாபைட் என்று திரையில் கண்டு, ஏமாற்றப்பட்டோமோ என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

கொல்கத்தா நகரம் தொலைச்செய்தியில் முதலில் விலைகொடுத்து வாங்கியது தாமதக் குறைவைத்தான் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்த வில்லியம் புரூக் ஓஷாஹ்னஸி என்ற மருத்துவர், 1839இல் ஹூக்ளிக் கரையிலுள்ள தாவரவியல் பூங்காவுக்கு அருகே மூங்கில் கம்பங்களில் இரும்புக் கம்பி கட்டி மின்சாரத்தால் செய்தி அனுப்பிப் பார்த்தார். அந்தப் பரிசோதனையின் பயனாக 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி இயங்கத் தொடங்கியது. நிமிஷத்துக்குச் சில சொற்களே அதில் போகும். அகலம் என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் கப்பலின் செய்தி, கப்பலுக்கு வெகு முன்னதாகவே நகரத்து வர்த்தகர்களை எட்டிற்று. அதற்காகவே அந்தச் சில சொற்கள் பெருமதிப்புப் பெற்றன.

அகலத்துக்கான பசி பிற்காலத்தில் வந்தது. 1995 ஆகஸ்டு 15ஆம் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே விநாடிக்கு 9,600 பிட் அளவில் தகவல் வந்தது. இன்று நாம் க்ஷணத்தில் இறக்கிக்கொள்ளும் நான்கு மெகாபைட் பாட்டு ஒன்றுக்கு அக்காலத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்திருக்கும். கம்பி செம்புக் கம்பியே. அதன் சக்தி அவ்வளவு அற்பமானதன்று. மனிதக் குரல் புரிவதற்கு விநாடிக்கு 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகள் போதும் என்பதால், தொலைபேசிக்காரர்கள் அந்தக் குறுகிய பகுதியை மட்டுமே வழங்கி, மேலே இருந்த பரந்த வெளியைத் தரிசாக விட்டிருந்தார்கள். பின்னால் வந்த டி.எஸ்.எல். என்னும் முறை, பேச்சுக்குரிய அடிப்பகுதியை வடிகட்டி ஒதுக்கிவிட்டு, விநாடிக்குப் பதினோரு லட்சம் அதிர்வு வரையிலான மேற்பகுதியை 256 சிறு அலைவரிசைகளாகக் கூறுபோட்டு, ஒவ்வொன்றிலும் தகவலை ஏற்றி அனுப்பிற்று. 2005இல் பி.எஸ்.என்.எல். வீடுகளுக்குக் கொடுத்த பிராட்பேண்ட் இதுவே. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கையிலேயே இணையமும் இயங்கியதன் ரகசியம் இந்தக் கூறுபாட்டில் இருந்தது.

செம்பின் குறை தூரம். அதிர்வு எண் உயர உயர, கம்பியில் அலை விரைவாகத் தேய்கிறது. ஆகையால் எக்ஸ்சேஞ்சுக்கு அருகிலிருந்த வீட்டுக்குக் கிடைத்த அகலம், ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு, அதே சந்தா கட்டியும் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, ஒரு மணி நேர மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் நகரத்தில் நிலத்தடிக் கம்பியின் இணைப்புகளுக்குள் ஈரம் புகுந்துகொள்ளும். 2004ஆம் ஆண்டு மத்திய அரசின் கொள்கை விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. அந்தக் குறைந்தபட்ச அளவு 2023இல் 2 மெகாபிட் ஆக உயர்த்தப்பட்டது. இந்த உயர்வுக்கு இடங்கொடுத்தது செம்பன்று, கண்ணாடி.

கண்ணாடி இழையின் கதை கொல்கத்தாவோடும் தமிழரோடும் பிணைந்தது என்பதால் சற்று நின்று சொல்கிறேன். மெல்லிய கண்ணாடி இழைக்குள் நுழைந்த ஒளி, சுவரில் சாய்வாகப் படும்போதெல்லாம் முழுதும் உள்ளேயே பிரதிபலிக்கப்பட்டு, இழை வளையும் திசையிலெல்லாம் வளைந்து செல்லும் என்பது பழைய ஞானம். ஆனால் 1960களில் கிடைத்த கண்ணாடியில் ஒளி சில பத்து மீட்டருக்குள்ளேயே மாய்ந்துவிடும். இங்கிலாந்தில் பணியாற்றிய சீன விஞ்ஞானி சார்லஸ் காவ், 1966இல் ஹாக்கம் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், இந்த இழப்புக்குக் காரணம் கண்ணாடியின் சுபாவமன்று, அதில் கலந்துள்ள இரும்பு முதலிய அசுத்தங்களே என்று வாதித்தார். ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும், செய்தி அனுப்பலாம் என்பது அவர் கணக்கு. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். இன்றைய இழையிலோ நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சுவது ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலன்று, நூறு கிலோமீட்டருக்கு அப்பால். காவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

அசுத்தம் முழுவதையும் நீக்கிய பிறகும் ஓர் இழப்பு மிஞ்சி நிற்கிறது. கண்ணாடி உறையும்போது அதன் மூலக்கூறுகள் சமச்சீராக அமைவதில்லை. அந்த நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளில் பட்டு ஒளி சிதறுகிறது. ஆகாயத்தை நீலமாகக் காட்டும் சிதறலும் இந்த வகையைச் சேர்ந்ததே. குறுகிய அலைகள் மிக அதிகமாகவும் நீண்ட அலைகள் மிகக் குறைவாகவும் சிதறும் என்பது இதன் நியதி. ஆகவேதான் இழைகளில் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விடுத்து, சிவப்புக்கும் அப்பாற்பட்ட நீண்ட அலைகளை அனுப்புகிறார்கள்.

ஒளி சிதறும் விதத்தை உலகிலேயே மிக நுட்பமாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று கொல்கத்தாவின் பௌபஜார் தெரு, 210ஆம் எண் கட்டடம். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அப்போது அங்கே இருந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, கணக்குத் துறை அதிகாரியாக 1907இல் கல்கத்தாவில் நியமனம் பெற்று வந்த சி. வி. ராமன், அலுவலகம் போக மிஞ்சிய நேரத்தில் அங்கே ஆராய்ந்தார். பின்னர் உத்தியோகத்தையே துறந்து பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28ஆம் தேதி, வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்டது இது: சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறுகளோடு சக்தியைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வெளிப்படுகிறது. இந்த விளைவு இன்று இழைகளில் வேலை செய்கிறது. செய்தி தாங்கிய பலவீனமான ஒளியோடு, அதைவிடக் குறுகிய அலை கொண்ட பலமான ஒளியொன்றைச் சேர்த்து இழைக்குள் செலுத்தினால், கண்ணாடியின் மூலக்கூறுகள் இடைநின்று பலமான ஒளியின் சக்தியைச் செய்தி ஒளிக்கு மாற்றிக் கொடுக்கின்றன. ராமன் பெருக்கி எனப்படும் இச்சாதனத்தைப் பொறியாளர்கள் நெடுந்தூர இழைகளில், எர்பியம் என்னும் தனிமம் கலந்த வேறு வகைப் பெருக்கிகளோடு சேர்த்து உபயோகிக்கிறார்கள். கருவிகள் வாங்கவும் பணம் போதாத ஒரு சோதனைச்சாலையில், பயன் கருதாமல் தேடிய உண்மை இது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

சிதறலால் மற்றோர் உபயோகமும் உண்டு. 2020 மே 20ஆம் தேதி அம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விளக்குக் கம்பத்திலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து மாடிக்கும் கேபிள்காரர்கள் இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளும் இழைகளும் அவற்றோடு அறுந்தன. உறைக்குள் மறைந்திருக்கும் இழை எங்கே ஒடிந்தது என்று எப்படி அறிவது? ஊழியர் ஒரு முனையிலிருந்து மிகக் குறுகிய ஒளித் துடிப்பொன்றை அனுப்புகிறார். வழி நெடுகச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. இழை முடிந்த இடத்தோடு அது நின்றுவிடுகிறது. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், போய் வர ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு ஆகியிருந்தால் முறிவு ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒளியின் வேகத்தை நம்பி ஒருவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு குறிப்பிட்ட கம்பத்துக்கே நேராகப் போகிறார்.

அதே வேகத்தைக் கொண்டு நம் சிங்கப்பூர்ப் பேச்சின் தாமதத்தைக் கணக்கிடலாம். கொல்கத்தா துறைமுக நகரந்தான். ஆனால் கடலிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஆற்றின் உள்ளே இருக்கிறது. வண்டல் ஓயாமல் நகர்ந்து மணல்திட்டுகள் இடம் மாறும் கழிமுகத்தில் கடலடிக் கேபிளைக் கரையேற்றிக் காப்பது எளிதன்று. 1870ஐ ஒட்டிய தந்திக் காலத்திலேயே அயல்நாட்டுக் கடலடிக் கம்பிகள் பம்பாயிலும் சென்னையிலுமே கரையேறின. இன்றைய கண்ணாடிக் கேபிள்களும் பெரும்பாலும் அவ்விரு நகரங்களையே நாடுகின்றன. மேற்கு வங்கத்தின் கடற்கரை ஊரான தீகாவில் கரையேற்று நிலையம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது நிறைவேறும்வரை கொல்கத்தாவின் சிங்கப்பூர்ச் செய்தி தெற்கே இறங்கிச் சென்னை போய்த்தான் கடலில் குதிக்க வேண்டும். ரயில்டெல் என்னும் அரசு நிறுவனம் தண்டவாளங்களின் ஓரமாக நாடு முழுவதும் இழை பதித்திருப்பதால், நாம் மேலே நினைத்துக்கொண்ட மெயில் வண்டியின் பாதையிலேயே ஒளியும் ஓடுகிறது. வண்டிக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும் தூரம் ஒளிக்கு எட்டு மில்லி விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் இயங்கிவரும் ஐ2ஐ என்னும் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். அதற்குப் பதினாறு மில்லி விநாடி. ஆக, போக இருபத்து நான்கு, போய் வர நாற்பத்தெட்டைச் சற்றுத் தாண்டும். கொல்கத்தாவிலிருந்து நேரே சிங்கப்பூருக்கு இழை இருந்தால் முப்பதோடு முடியும். அகர்தலா நகரம் இத்தகைய சுற்றுவழியைத் தவிர்ப்பதற்காகவே 2016இல் அண்டை நாடான வங்கதேசத்தின் கடலடிக் கேபிளோடு தன்னை இணைத்துக்கொண்டது.

ஆனால் வாசகர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் மனிதர் உரையாடலில் இடைஞ்சல் உணர்வதில்லை என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்ட அளவு. வழியிலுள்ள கருவிகளுக்கென்று இன்னும் சில மில்லி விநாடிகள் சேர்த்தாலும் நம் சிங்கப்பூர்ப் பேச்சு அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. தூரம் குற்றவாளியன்று என்று கணக்கே தீர்ப்புச் சொல்கிறது. அப்படியானால் மிகுதித் தாமதம் எங்கே உற்பத்தியாகிறது?

இணையத்தில் எந்தச் செய்தியும் முழுதாகப் போவதில்லை. அதை அதிகபட்சம் 1,500 பைட் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதித் தனித்தனியே அனுப்புகிறார்கள். இத்துண்டைப் பொட்டலம் என்போம். சந்திகளில் இருக்கும் ரௌட்டர் என்னும் கருவி முகவரியைப் பார்த்து அடுத்த வழிக்குத் தள்ளுகிறது. தள்ளக்கூடியதைவிட அதிகமாகப் பொட்டலங்கள் வந்துவிட்டால் அவற்றைத் தன் நினைவகத்தில் காத்திருக்க வைக்கிறது. நினைவகமும் நிறைந்துவிட்டால் மேலும் வருவதைத் தொலைத்துவிடுகிறது. 1986 அக்டோபரில், அமெரிக்காவில் நானூறு கஜ தூரமே இடைவெளி கொண்ட லாரன்ஸ் பெர்க்லி சோதனைச்சாலைக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, விநாடிக்கு 32,000 பிட் போக வேண்டிய இணைப்பில் 40 பிட் மட்டுமே போனது. காரணத்தைத் தேடிய வான் ஜேகப்சன் கண்டது விசித்திரமானது: தொலைந்த பொட்டலங்களுக்காக எல்லாக் கணினிகளும் மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலை நெரிசலாலேயே பெருக்கிக்கொண்டிருந்தன. பொட்டலம் தொலைந்ததை அறிந்தால் அனுப்புகிறவர் உடனே தணிந்து, பிறகு சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும் என்ற ஒழுங்கை அவர் வகுத்து 1988இல் வெளியிட்டார். யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் கோடிக்கணக்கான கணினிகள் இன்றும் அதைக் கடைப்பிடிக்கின்றன. மனிதர் வகுத்த ஒழுங்குகளில் இதற்கு இணையானவை சிலவே என்பது என் துணிபு.

நெரிசல் நம் தெருவிலேயே தொடங்குகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஓர் இழையை, மின்சாரமே வேண்டாத கண்ணாடிப் பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பரவலாக வழங்கும் முறையில் வீடுகளை நோக்கி விநாடிக்கு 2,500 மெகாபிட் வருகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே ஒளிதான் வருகிறது, வீட்டுப் பெட்டி தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 32 வீடுகளும் ஒரே சமயத்தில் முழுப் பங்கையும் கேட்டால் தலைக்கு 78 மெகாபிட்டே தேறும். எல்லோரும் ஒருசேரக் கேட்பதில்லை என்ற அநுபவத்தின் மேல்தான் 100 மெகாபிட் வாக்குறுதி நிற்கிறது. பாடா என்று வங்காளிகள் சொல்லும் குடியிருப்பு முழுவதும் வீடு திரும்பித் திரையைத் திறக்கும் இரவு ஒன்பது மணிக்கு அந்த அநுபவம் மேலிருக்கும் பல சந்திகளிலும் ஒருசேரச் சோதனைக்குள்ளாகிறது. அப்போது சினிமா தப்பிவிடுகிறது: அடுத்த சில விநாடிகளுக்கான காட்சிகளை அது முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும்; மேலும், பலர் பார்க்கும் படங்களின் பிரதிகள் சேவை நிறுவனங்களின் நிலையங்களிலேயே சேமிக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலும் கடல் தாண்டி வருவதும் இல்லை. பேச்சை முன்கூட்டி வாங்கி வைக்க முடியுமா? இன்னும் சொல்லப்படாத சொல் அது. ரௌட்டரின் காத்திருப்பு வரிசையில் நூறு இருநூறு மில்லி விநாடி நின்று வரும் பொட்டலம் பேச்சுக்கு உதவாது.

பல சமயம் அந்த வரிசை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. யாரோ ஒருவருடைய கைப்பேசி அன்று எடுத்த புகைப்படங்களையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் பின்னால் பேச்சுப் பொட்டலங்கள் நிற்கும்.

கடைசிச் சில அடிகளில் இழையும் முடிந்து வானொலி அலை தொடங்குகிறது. வைஃபையில் பரவலாக வழங்கும் இரு வகை அலைகளில் ஒன்று பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம், மற்றொன்று ஏறக்குறைய ஆறு. நீண்டது சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசை அதில் மூன்றே உண்டு, அடுக்கு வீடுகளில் பத்து ரௌட்டர்கள் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். குறுகியதில் இடம் தாராளம்; ஆனால் கொல்கத்தாவின் பழைய வீடுகளிலுள்ள தடித்த செங்கற்சுவர் அதைக் குடித்துவிடும். அலை குறுகினால் அதன் குணம் எப்படி மாறும் என்பதை இந்த நகரம் முன்னமே கண்டிருக்கிறது. பிரெசிடென்ஸி கல்லூரியின் ஜகதீச சந்திர போஸ், 1895இல் டவுன் ஹாலில் கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைத் தீப்பற்றவும் செய்து காட்டினார். ஐந்து மில்லிமீட்டர் வரை அலையைக் குறுக்கி, இடையிடையே ஈயத்தாள் செருகிய ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தையும், வங்காளத்துச் சணல் முறுக்கையும் கருவிகளாக்கி அதன் குணங்களை அளந்தார். அந்த ஐந்து மில்லிமீட்டர் அலையே இன்று ஓர் அறைக்குள் மட்டும் மிகுந்த அகலம் கொடுக்கும் வைஃபை வகையொன்றில் உபயோகமாகிறது.

குறை எங்கே என்று அறிய எவரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய பிங் என்னும் சிறு நிரல், ஒரு பொட்டலத்தை அனுப்பி அது திரும்பி வர எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்லும். கணினியை ரௌட்டரோடு கம்பியால் இணைத்து, பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் சென்னையிலுள்ள ஏதேனும் ஒரு கணினியை நோக்கி அதை ஓட விடுக. கம்பியில் சீராகவும் வைஃபையில் தாறுமாறாகவும் இருந்தால் குறை சுவரிலோ அண்டை வீட்டு அலைகளிலோ இருக்கிறது. ரௌட்டரின் இடத்தை மாற்றினால் தீரலாம். கம்பியிலேயே இரவில் எண் பன்மடங்கு உயர்ந்தால் நெரிசல் வெளியே இருக்கிறது. சேவை நிறுவனத்தாரிடம் அந்த எண்களோடு முறையிடலாம். புகைப்படம் ஏற்றும் நேரத்தில் மட்டும் உயர்ந்தால் பேசும் வேளையில் ஏற்றுவதை நிறுத்திவைத்தாலே போதும். இம்மூன்றும் நீங்கிய பிறகும் திரையில் பதினாறு மில்லி விநாடிக்குக் குறைந்த எண் ஒன்று தோன்றினால், பதில் சொன்ன கணினி சென்னையில் இல்லை. இன்னும் அருகில் எங்கோ இருக்கிறது.